டம்மி டக் ஆபரேஷன்: டாக்டரைத் தேர்ந்தெடுப்பது முதல் தேறி வருவது வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையில் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் செவிலியராக இருக்கிறேன். வயிற்றுத் தோல் தளர்ந்து டம்மி டக் செய்துகொள்ள வருபவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள். எடையை நிறையக் குறைத்த ஆண்களும் வருகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் கேட்பது "எந்த டாக்டர் நல்லவர்?" என்று. ஆபரேஷனுக்குப் பிறகு கேட்பது "சிஸ்டர், இது நார்மல்தானா?" என்று. இந்த இரண்டாவது கேள்வியை ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்பதை வைத்துத்தான் முதல் கேள்விக்கு விடை தேட வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போங்கள். டாக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

டம்மி டக்கில் என்னதான் செய்கிறார்கள்?

சிசேரியன் தழும்பு இருக்கும் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ, ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறல் போடுவார்கள். அங்கிருந்து விலா எலும்பு வரைக்கும் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத் தூக்குவார்கள். நடுவில் விலகி நிற்கும் இரண்டு நீளத் தசைகளையும் பக்கத்தில் கொண்டுவந்து தைப்பார்கள். அப்புறம் தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுத்துவிட்டுத் தையல் போடுவார்கள். தொப்புள் அதன் காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும். கீழே இறக்கிய தோலில் புதிதாக ஒரு துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். முழு மயக்கத்தில், பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். கேஸ் ஷீட்டில் அப்டமினோபிளாஸ்டி என்று எழுதியிருக்கும்.

தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்வு என்றால் சிறிய கீறலோடு முடியும் மினி டம்மி டக் போதும். ஆனால் அது பொருந்துவது சிலருக்குத்தான். விலை குறைவு என்பதற்காக அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

இதனால் எடை குறையுமா?

குறையாது. வெட்டி எடுக்கும் தோலின் எடை மட்டும்தான் போகும். இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் வேறு, இது வேறு. இரண்டையும் "தொப்பை ஆபரேஷன்" என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பால் வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தால், வெளியே தோலை எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் வயிறு தட்டையாகாது. மல்லாந்து படுத்த பிறகும் வயிறு விலா எலும்புக்கு மேலே எழும்பி நின்றால் காரணம் பெரும்பாலும் உள்கொழுப்புதான். அதற்கு டம்மி டக் உதவாது, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும்தான்.

லைப்போசக்‌ஷன் மட்டும் செய்தால் போதாதா?

அது கொழுப்பை உறிஞ்சும். தளர்ந்த தோலை இறுக்காது, விலகிய தசையைச் சேர்க்காது. தோல் நல்ல இறுக்கமாக இருந்து, அங்கங்கே கொழுப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது போதும். தோல் மடிந்து தொங்குபவருக்கு லைப்போசக்‌ஷன் மட்டும் செய்தால் முன்பைவிட இன்னும் தொங்கும்.

பிரசவம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் "எத்தனை மாசம்?" என்று கேட்கிறார்கள். எனக்கு ஆபரேஷன் வேண்டுமா?

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய் வருபவர்கள் எங்கள் வார்டில் நிறையப் பேர். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள் என்று அழுதவரும் உண்டு. அவர்களில் பலருக்குத் தொப்பையே இல்லை. தசை விலகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குங்கள். அப்போது தொப்புளுக்குச் சற்று மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் கெட்டியான தசை, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறங்கினால் தசை விலகல் இருக்கிறது என்று அர்த்தம். சிலருக்குப் பள்ளத்துக்குப் பதிலாக நடுவில் ஒரு முகடு புடைத்து எழும்.

இதைக் கண்டதும் நேராக ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் நிறையப் பேருக்குத் தானாகவே குறைகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுக்கும் மூச்சுப் பயிற்சியும் உள்வயிற்றுத் தசைப் பயிற்சியும் இன்னும் உதவும். பாட்டிமார் துணியால் வயிற்றைக் கட்டிவிடுவது முதுகுக்குத் தாங்கலாக இருக்கும், நடக்கத் தெம்பு வரும். ஆனால் விலகிய தசையை அது சேர்த்துவிடும் என்று நம்ப முடியாது. இவ்வளவும் செய்து, ஒரு வருஷம் தாண்டி, இடுப்பு வலியும் தோல் மடிப்பில் புண்ணும் நிற்கவில்லை என்றால் அப்போது சர்ஜனைப் பாருங்கள். வலி எதுவும் இல்லை, கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாலும் பாருங்கள். அதுவும் நியாயமான காரணம்தான்.

யாரெல்லாம் காத்திருக்க வேண்டும்?

இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர்கள். பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், நிறுத்திக் குறைந்தது 3 மாதமாவது போகட்டும். எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள். ஆறு மாதம் ஒரே அளவில் நிற்க வேண்டும். பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்தவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும், ரத்தசோகை உள்ளவர்களும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நம் பெண்களில் நிறையப் பேருக்கு ஹீமோகுளோபின் குறைவு. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்று தேதியைத் தள்ளிப்போடும் டாக்டரிடம் கோபப்படாதீர்கள். அவர்தான் உங்களைப் பற்றி யோசிக்கிறார்.

புகையிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. இந்த ஆபரேஷனில் தூக்கிய தோல், பக்கங்களிலிருந்து வரும் ரத்த ஓட்டத்தை மட்டும் நம்பித்தான் பிழைக்கிறது. அதுவும் சுருங்கினால் தையல் ஓரத் தோல் கறுத்து அழுகும். ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் அறவே கூடாது. சிகரெட் மட்டும் இல்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, புகையிலை கலந்த பான் மசாலா, பல் துலக்கும் புகையிலைப் பொடி எல்லாமும்தான். "நான் சிகரெட் பிடிப்பதில்லை" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, பையில் புகையிலைப் பொட்டலம் வைத்திருந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவருக்குத் தொப்புளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது, ஆறுவதற்கு மாதக்கணக்கானது. கேட்கும்போது வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

டாக்டரின் தகுதியை எப்படிப் பார்ப்பது?

பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது டி.என்.பி., டி.ஆர்.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருக்க வேண்டும். வழக்கமான பாதை இதுதான்: எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்று வருஷம், அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி மூன்று வருஷம். பத்து வருஷத்துக்கும் மேலான படிப்பு. "காஸ்மெட்டிக் சர்ஜன்", "எஸ்தெட்டிக் எக்ஸ்பர்ட்" என்ற பலகையைப் பார்த்து அதுவே பட்டம் என்று நினைக்காதீர்கள். சில நாள் பயிற்சிக்குக் கிடைத்த சான்றிதழையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். தோல் டாக்டர் தன் துறையில் கெட்டிக்காரராக இருப்பார். ஆனால் வயிற்றைத் திறந்து தசையைத் தைப்பது அவர் படித்த வேலை இல்லை.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் பார்க்கலாம். கூடுதல் பட்டம் பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். இந்திய பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தில் உறுப்பினரா என்றும் கேட்கலாம். பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இது முதல் சல்லடைதான். பட்டம் உள்ளவர்களிலும் கை விபத்துக் காயங்களில் தேர்ந்தவர் உண்டு, தீக்காயத்தில் தேர்ந்தவர் உண்டு. டம்மி டக்கை அடிக்கடி செய்கிறாரா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பது? டாக்டர் முன்னால் பேச்சே வரமாட்டேன் என்கிறது.

தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தைரியத்துக்கு வீட்டு ஆளையும் கூட்டிப்போங்கள்.

நான் முதலில் கேட்கச் சொல்வது இதை: "டிஸ்சார்ஜ் ஆன பிறகு ராத்திரி ஏதாவது ஆனால் நான் யாருக்குப் போன் செய்வது?" ஒரு நம்பரும் ஒரு பெயரும் கிடைக்க வேண்டும். "ரிசப்ஷனுக்குக் கூப்பிடுங்கள்" என்பது பதில் இல்லை. ராத்திரியில் ரிசப்ஷனில் ஆள் இருக்காது.

அடுத்து, "உள்ளே நீர் கோத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தோலுக்கும் தசைக்கும் நடுவில் நீர் சேருவதைச் சீரோமா என்பார்கள். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் தொல்லை அதுதான். ஊசியால் எடுப்போம், இத்தனை தடவை வர வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு அல்லது இல்லை என்று விவரமாகச் சொல்பவர் அதைக் கையாண்டு பழகியவர். "நம்மகிட்ட அப்படியெல்லாம் வந்ததே இல்லம்மா" என்பவர் ஒன்று குறைவாகச் செய்திருக்கிறார், இல்லை மறைக்கிறார்.

ஆபரேஷனை நீங்களேதான் முழுவதும் செய்வீர்களா, தையல் பிரிந்தால் மறுபடி தைக்க யார் செலவு, என் உடம்புக்கு எது சரிப்படாது என்பவற்றையும் கேளுங்கள். நல்ல சர்ஜன் நிற்க வைத்து, உட்கார வைத்து, படுக்க வைத்து மூன்று நிலையிலும் வயிற்றைப் பார்ப்பார். தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்று இருமச் சொல்லி அழுத்திப் பார்ப்பார். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்பார். கர்ப்பத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, சித்த மருந்து, லேகியம் எதையும் விடாமல் சொல்லுங்கள். ஆடைக்கு மேலாகவே பார்த்துவிட்டு, "இன்னைக்கே புக் பண்ணினா தள்ளுபடி" என்று ஒரு ஆலோசகரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தால் அது மருத்துவ ஆலோசனை இல்லை, வியாபாரம்.

இன்ஸ்டாகிராமில் போடும் "முன்–பின்" படங்களை நம்பலாமா?

வெளிச்சம், நிற்கும் விதம், மூச்சை இழுத்துப் பிடிப்பது என்று எல்லாமே படத்தை மாற்றும். "பின்" படம் எத்தனை மாதம் கழித்து எடுத்தது என்று பாருங்கள். தழும்பு தெரியாதபடி உள்ளாடையை மேலேற்றி எடுத்த படத்தால் உங்களுக்குப் பயனில்லை. டாக்டர் தன் அறையில், நோயாளியின் அனுமதியோடு, முகம் மறைத்து வைத்திருக்கும் படங்களைக் கேட்டுப் பாருங்கள். உங்களைப் போன்ற உடல்வாகு, உங்கள் அளவு தளர்வு உள்ளவருக்கு ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய படம். உங்கள் படத்தை எங்கும் போடக்கூடாது என்றால் சம்மதப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

சின்ன கிளினிக்கில் செய்யலாமா? விலை பாதிதான் சொல்கிறார்கள்.

வேண்டாம். 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். எந்த ஆபரேஷனிலும் எதுவும் நடக்கலாம். நடந்தால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஐ.சி.யூ. வேண்டும். மயக்க மருந்து கொடுக்கத் தகுதியான அனஸ்தீசியா டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். ராத்திரி டியூட்டி டாக்டர் வேண்டும். ரத்தம் ஏற்பாடு செய்ய வழி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்க்கக் கேட்கலாம். அனஸ்தீசியா டாக்டரை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு முறை சந்தித்துப் பேசிவிடுங்கள். உங்கள் உயிரைக் கையில் வைத்திருப்பவர் அவர். நிறையப் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரிவதில்லை.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்காகச் செய்வது என்ற கணக்கில் பெரும்பாலான பாலிசிகள் இதை விலக்கி வைத்திருக்கின்றன. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. தொப்புளிலோ பழைய தையல் இடத்திலோ குடலிறக்கம் இருந்து அதையும் சேர்த்துச் சரிசெய்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் சில சமயம் கிடைக்கும். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் குடலிறக்கத்துக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு.

செலவைக் கேட்கும்போது ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா, அறை வாடகை, ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றைச் சுற்றிப் போடும் பெல்ட், மருந்து, பிறகு வரும் டிரெஸ்ஸிங், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறைகள் இருக்கின்றன. அங்கே தீக்காயத்துக்கும் விபத்துக்கும்தான் முதலிடம். ஆனால் தோல் மடிப்பில் தீராத புண், குடலிறக்கம் என்று நோயாகவே இருந்தால் புறநோயாளிப் பிரிவில் காட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் "இதெல்லாம் தேவையா?" என்கிறார்கள்.

முடிவு உங்களுடையது. ஆனால் உதவி இல்லாமல் தேற முடியாது. குறைந்தது இரண்டு வாரம் சமையல், குழந்தை, துணி எல்லாவற்றையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். அதனால் மறைத்துச் செய்யாதீர்கள். அம்மாவோ அக்காவோ ஒருவராவது முழுமனதோடு கூட நிற்கும்படி ஆன பிறகு தேதி குறியுங்கள். கணவரை டாக்டரிடம் கூட்டிப்போய் ஒரு முறை உட்கார வைத்தால், பாதி எதிர்ப்பு அங்கேயே கரைவதைப் பார்த்திருக்கிறேன். பயம்தான் அவர்களைத் தடுக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் வீட்டில் என்ன தயார் செய்வது?

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் கமோட் நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். குந்தி உட்காருவது சில வாரங்களுக்கு நடக்காது. தலைக்கும் முழங்காலுக்கு அடியிலும் வைக்க நான்கைந்து தலையணை. பாயில் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாற வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி. அன்றாடம் எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்தில் வையுங்கள். மாடி வீடு என்றால் முதல் வாரம் கீழே தங்க முடியுமா பாருங்கள்.

முதல் வாரம் உண்மையில் எப்படி இருக்கும்?

கஷ்டமாகத்தான் இருக்கும். வலி தோலில் இல்லை, உள்ளே தைத்த தசையில். சிரித்தால், இருமினால், தும்மினால் இழுக்கும். ஒரு சின்னத் தலையணையைக் கையருகிலேயே வைத்துக்கொண்டு, இருமல் வரும்போது வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள்.

அன்று மாலையோ மறுநாள் காலையோ நாங்கள் நடக்க வைப்போம். "ஐயோ சிஸ்டர், இன்னிக்கு வேண்டாம்" என்று கெஞ்சுவார்கள். நாங்கள் விடமாட்டோம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் என்ற பயம் எங்களுக்கு. எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது: நேராக எழும்பக் கூடாது. ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டு, முழங்கையால் ஊன்றி எழ வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாளே இதை இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிட்டால் மறுநாள் பயம் பாதி குறையும்.

முதலில் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள். தையலில் இழுவை விழாமல் இருக்க அதுதான் சரி. 7 முதல் 10 நாளில் மெல்ல மெல்ல நிமிர்வீர்கள். குனிந்தே நடப்பதால் வயிற்றைவிட முதுகு அதிகமாக வலிக்கும், அது தசைப்பிடிப்புதான். படுக்கும்போதும் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கியே படுக்க வேண்டும். பெல்ட் ராத்திரி பகல் எந்நேரமும் இருக்கும், சுமார் 6 வாரம். சென்னை வெயிலில் அது வேதனைதான். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ள இரண்டு பெல்ட் வைத்திருங்கள். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

மூன்றாம் நாள், நான்காம் நாள் அழுகை வரும். வீக்கம், கூன், குளிக்க முடியாமை, குழந்தையைத் தூக்க முடியாமை எல்லாம் சேர்ந்து "ஏன்தான் இதைச் செய்தேன்" என்று தோன்றும். அனேகமாக எல்லோருக்கும் தோன்றுகிறது. வீட்டில் இருப்பவர்கள் அப்போது "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும்.

டிரெயின் டியூபைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

அடிவயிற்றிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மெல்லிய குழாய், நுனியில் ஒரு பல்பு. உள்ளே சேரும் நீரை அது இழுத்து வெளியேற்றும். காலையும் மாலையும் பல்பைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூடும் முன் பல்பை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அமுக்காமல் மூடினால் அது இழுக்காது. வீட்டுக்குப் போனதும் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். நிறம் முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வெளிர் மஞ்சள். ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கி, அப்படியே நின்றால் எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது ஒரு நொடி இழுக்கும், அவ்வளவுதான். இப்போது சில சர்ஜன்கள் உள்ளேயே தையல் போட்டு இடைவெளியை மூடி, டிரெயின் இல்லாமலும் செய்கிறார்கள்.

பத்தியம் இருக்க வேண்டுமா? முட்டையும் பருப்பும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்கிறார் மாமியார்.

பிடிக்காது. சீழ் கிருமியால் வருவது. புண் ஆற உடம்புக்குப் புரதம்தான் வேண்டும். அதை நிறுத்தினால் ஆறுவது தாமதமாகும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் சாப்பிடுங்கள். வெறும் கஞ்சியும் ரசம் சாதமுமாகப் பத்து நாள் போன ஒருவருக்குத் தையல் ஆறாமல் நின்றது. மாமியாரிடமும் உட்கார்ந்து பேசினேன். அடுத்த நாளே அவர் கையால் அவித்த முட்டை வந்தது.

மலச்சிக்கல் வரவிடாதீர்கள். முக்கினால் தைத்த தசையில் அழுத்தம் விழும். வலி மாத்திரைகள் சிலவும் மலத்தை இறுக்கும். தண்ணீர், பப்பாளி, கீரை, அதற்கும் அசையாவிட்டால் டாக்டர் தரும் மருந்து. உப்பைக் குறையுங்கள், வீக்கத்துக்கு நல்லது. ஊறுகாய், அப்பளம் கொஞ்ச நாள் வேண்டாம்.

எப்போது உடனே கூப்பிட வேண்டும்?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், அப்போது டாக்டருக்குக்கூடக் காத்திருக்காமல் 108. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதைத் தடுக்கத்தான் நடக்கச் சொல்வது, காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடுவது, தேவைப்படுபவர்களுக்கு ரத்தம் உறையாமல் ஊசி போடுவது எல்லாம்.

காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நாற்றம், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், டிரெயினில் திடீரென்று நிறையப் புது ரத்தம், தோல் நிறம் கறுப்பது, வயிற்றைத் தட்டினால் தண்ணீர் அலம்புவது போலத் தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்யுங்கள். "டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று காலைவரை பொறுக்காதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள். ஆனால் படத்தை வைத்தே ஒரு வாரம் ஓட்டும் டாக்டரிடம் நேரில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்து செய்துகொண்டு பஸ்ஸில் திரும்பலாமா?

டிரெயின் டியூபை எடுத்து, முதல் ரிவ்யூ முடியும்வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். ஏழு முதல் பத்து நாளாவது. திரும்பும்போது மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிற மாதிரி ரயில் நல்லது. உங்கள் ஊரில் டிரெஸ்ஸிங் செய்யவும் பார்க்கவும் ஒரு சர்ஜனை முன்பே பேசி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

வேலைக்கு எப்போது போகலாம்? குழந்தையைத் தூக்கலாமா? ஸ்கூட்டர்?

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் 2 முதல் 3 வாரம். கடையில் நின்று பார்ப்பவர்கள், வயல் வேலை, வீட்டு வேலை செய்பவர்கள் 6 வாரம். 5 கிலோவுக்கு மேல் எதையும் 6 வாரத்துக்குத் தூக்கக் கூடாது: தண்ணீர்க் குடம், அரிசிப் பை, நனைந்த துணி பக்கெட், குழந்தை. சின்னக் குழந்தை இருந்தால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறு யாராவது பக்கத்தில் ஏற்றிவிடட்டும். ஸ்கூட்டரைச் சென்டர் ஸ்டாண்ட் போடுவதும், மேடு பள்ளத்தில் குலுங்குவதும் வயிற்றுத் தசைக்கு வேலை. 6 வாரம் பொறுங்கள். ஜிம்முக்கும் யோகாவுக்கும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

வீக்கம் மாலையில் ஏறும், காலையில் வடியும். மூன்று மாதத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். முழுதாக அடங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆறாவது வாரத்தில் பழைய சுடிதார் இறுக்கமாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம்.

தொப்புளுக்குக் கீழே தொட்டால் உணர்வே இல்லை.

தோலைத் தூக்கும்போது நுண்ணிய நரம்புகள் அறுபடும். மாதங்கள் போகப் போகப் பெரும்பகுதி திரும்பும்; கொஞ்சம் இடம் மரத்தே இருந்துவிடலாம். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. சுடுவது தெரியாது. மாதவிலக்கு வலிக்கு என்று வைத்துத் தோல் வெந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. ஐஸ் பையும் வேண்டாம்.

அப்புறம் கர்ப்பமானால்?

குழந்தைக்கு ஆபத்து இல்லை. ஆனால் சேர்த்துத் தைத்த தசை மறுபடி விலகலாம், தோல் மறுபடி தளரலாம். போட்ட பணமும் பட்ட பாடும் போகும். அதனால்தான் குடும்பம் முழுமையான பிறகு செய்யச் சொல்வது.

தழும்பு எவ்வளவு தெரியும்?

நீளமாக இருக்கும். சேலைக்கும் உள்ளாடைக்கும் அடியில் மறையும்படி கீழே போடுவார்கள், ஆனால் மறைந்துபோகாது. முதல் மூன்று மாதம் சிவந்து தடித்து இன்னும் மோசமாகத் தெரியும். 12 முதல் 18 மாதத்தில் மங்கித் தட்டையாகும். புண் முழுதாக மூடிய பிறகு டாக்டர் சொல்லும்போது சிலிக்கான் ஷீட்டோ ஜெல்லோ ஆரம்பிக்கலாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், நாட்டு மருந்து எதையும் திறந்த தையலில் வைக்காதீர்கள். நம் நிறத் தோலில் கெலாய்டு என்ற தடித்து வளரும் தழும்பு வரும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ, அம்மை ஊசி போட்ட இடத்திலோ, சிசேரியன் தையலிலோ தழும்பு எல்லை தாண்டி வளர்ந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தழும்பு தடித்து அரிக்க ஆரம்பித்தால் அடுத்த ரிவ்யூ தேதிவரை இருக்காமல் போய்க் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே ஊசி போட்டால்தான் அது நன்றாக அடங்கும்.